மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன ரா டிஸ்க்

பென்னாகரம்,
14.9.1988

மிகுந்த மரியாதைக்குரிய மாப்பிள்ளை பெரியநாயகம் அவர்களுக்கு, மாமனார் சவரிமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உங்கள் அத்தையும் சுகம். பெங்களூரில் நீங்களும் மகள் மிக்கேலம்மாளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

எங்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. நீங்கள் வந்து பொருத்தியபோது, "பேரு போட்டு அடுக்கி வைக்கிற ஃபைல் சிஸ்டம் நடுவுல வேணாங்க மாமா, காசநோய்க்காரங்க விவரத்த டேட்டாபேஸ் நேரா டிஸ்க்குலயே எழுதட்டும், ரா டிஸ்க்குன்னா வேகமுங்க" என்றீர்கள். மாப்பிள்ளை சொல்லை நான் தட்டியதில்லை. வேகமாகத்தான் இருந்தது. ஆனால் போன மாதம் பார்த்தால் டிஸ்க்கில் பாதி இடத்தில் ஒரு ஃபைல்கூட இல்லை. இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று, கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைப் பார்த்து அங்கே ஒரு ஃபைல் சிஸ்டம் போட்டு, கோயில் பாட்டுக்குழுவின் பாட்டு வரிகளை ஏற்றிவிட்டேன். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் இங்கே ஆள் இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டாவது நீங்கள் ஒட்டியிருக்கலாம்.

மறுநாள் ஏரியூரிலிருந்து மாது என்பவர் மாத்திரைக்கு வந்தார். நர்ஸ் ராஜமேரி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க இதுல இல்லீங்க" என்றாள். "இங்கதானேம்மா நிக்கிறேன்?" என்றார் அவர். அவர் மட்டுமா, ஆயிரத்து நூறு பேரைக் காணோம்! யாருக்குச் சிகிச்சையில் எத்தனையாவது மாதம், யார் மாத்திரையை விட்டால் ஆபத்து, ஒன்றும் தெரியாது. பாட்டு ஏறிய இடத்தில்தான் இவர்கள் இருந்திருக்கிறார்கள். சனிக்கிழமை தவறாமல் டேப்பில் காப்பி எடுத்தோமே என்று ஓடினால், அது ஃபைல்களை மட்டும்தான் எடுத்திருக்கிறது, இவர்கள்தான் ஃபைலே இல்லையே! நான் எழுதிய லீவ் லெட்டர்கள் அத்தனையும் பத்திரம்.

கடைசியில் ராஜமேரிதான், "கோவிச்சுக்காதீங்க சார், கம்ப்யூட்டர் வந்ததும் நீங்க எரிக்கச் சொன்ன நோயாளிங்க அட்டையெல்லாம் எங்க வூட்டுக் கட்டிலுக்கு அடியில கெடக்குதுங்க. தெனமும் போயி அதுலயும் எழுதிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாதுவுக்கு ஐந்தாவது மாதம், அன்றே மாத்திரை கொடுத்தனுப்பினோம். இப்போது எல்லோரையும் மறுபடி ஏற்றுகிறோம், இந்தத் தடவை ஃபைல் சிஸ்டத்தில். கண்ணுக்குத் தெரிகிறது, பெயர் இருக்கிறது, டேப்பிலும் ஏறுகிறது. வேகம் கம்மிதான், போகட்டும். இனி ரா டிஸ்க் பேச்சையே எடுக்காதீர்கள் என்று மிகவும் பணிவோடு கண்டிக்கிறேன்.

தேவமாதா உங்கள் இருவரையும் தன் நிழலில் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
மாமனார் சவரிமுத்து,
ஹெட் கிளார்க்

பி.கு.: இப்போதுதான் கரண்ட் போய் வந்தது. கடைசியாக ஏற்றிய ஏழு பேரைக் காணோம். "ஏத்தியாச்சுன்னு சொல்லுச்சேம்மா!" என்றேன். ராஜமேரி புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஃபைல் சிஸ்டம் அப்பிடித்தான் சொல்லுமாங்க சார். கொஞ்ச நேரம் மெமரியிலயே வெச்சிருந்து அப்பறந்தான் டிஸ்க்குல எழுதுமாம். ரா டிஸ்க்குன்னா அப்பவே எழுதிடுமாம்" என்கிறாள். மாப்பிள்ளை, மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வாருங்கள்.