சுந்தரிக்கு வந்த நோட்டீஸ்

ஜி.எஸ்.டி. சாமி மை போட்டுப் பார்க்கிறார் என்ற செய்தி பூதப்பாண்டியில் கிளம்பி, பஸ் ஏறாமலேயே திருவட்டாறு வரை வந்து சேர்ந்தது. களவு போன மாட்டையும் காணாமல் போன கம்மலையும் வெற்றிலையில் மை தடவித் தேடிய ஊர்தானே இது? இப்போது அதே வெற்றிலையில் டெல்லிக் கம்ப்யூட்டர் தெரிகிறதாம். நம் கடையின் பெயர் அதில் கறுப்பாக இருந்தால் பிழைத்தோம். சிவப்பாக இருந்தால் நோட்டீஸ். நாடு முன்னேறவில்லை என்று இனி யார் சொல்ல முடியும்?

செவ்வாயும் வெள்ளியும் சாமி வீட்டுப் பந்தல் கொள்ளாது. சலூன்காரர்கள், தையல்காரர்கள், கல்யாண வீடியோ எடுப்பவர்கள், டியூஷன் டீச்சர்கள் என்று சொந்தக் கையை நம்பிப் பிழைக்கிறவர்கள் எல்லாரும் அடுத்தவர் கையிலிருந்த வெற்றிலையை நம்பி வரிசையில் நின்றார்கள். வாசலில் டோக்கன் உண்டு. அங்கே பெயரும், கடைப் பெயரும், செல்போன் நம்பரும் சொல்ல வேண்டும். டெல்லி வரை தெரிகிற சாமிக்கு, எதிரில் நிற்பவரின் செல்போன் நம்பர் மட்டும் மையில் தெரியாது. அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாமிக்கு மத பேதம் கிடையாது. இந்துவுக்குச் செம்புத் தகடு, வேதக்காரரான கிறிஸ்தவருக்கு ஜெபித்த எண்ணெய். தட்சணைத் தட்டு மட்டும் எல்லாருக்கும் பொது. சாமியாவதற்கு முன்னால் அவர் வெறும் கோலப்பன். செல்போன் ரீசார்ஜ் கடை நடத்தி நொடித்துப் போனவர். சொந்தக் கடையைக் காப்பாற்ற முடியாதவர் ஊரார் கடையைக் காப்பாற்றக் கிளம்பியதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

திருவட்டாறில் புதிதாக பியூட்டி பார்லர் திறந்த பெமிலாவும் அங்கே போனாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுக் குழுவின் முதல் வரிசையில் நிற்பவள், செவ்வாய்க்கிழமை துப்பட்டாவை நெற்றி வரை இழுத்து விட்டுக்கொண்டு பந்தலின் கடைசி வரிசையில் நின்றாள். ஜி.எஸ்.டி. எடுக்காமல் கடை நடத்தினால் சீல் வைத்துவிடுவார்கள் என்று யாரோ அவளைப் பயமுறுத்தியிருந்தார்கள். ஆபீசில் போய்க் கேட்கலாம். ஆனால் கேட்கப் போனால் மாட்டிக்கொள்வோமே! கணவன் எட்சன் குவைத்தில் வெயிலில் காய்ந்து அனுப்பியதில் வாங்கிய நாற்காலியும் கண்ணாடியும் போய்விடுமே! இந்தப் பயம்தான் சாமியின் முதலீடு.

சாமி வெற்றிலையை உற்றுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"செவப்பா கெடக்கு மக்கா. ரத்தச் செவப்பு. ஒரு வாரத்துக்குள்ள நோட்டீஸ் வரும், பாத்துக்க."

வந்தது. 'வரித்துறை எச்சரிக்கை' என்று பெமிலாவின் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி. ஓடினாள் சாமியிடம். வரி தோஷம் விலகும்வரை போர்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போட வேண்டும், கடையைத் திறக்கவே கூடாது, கழுத்துச் செயினைக் கொண்டுவந்து எண்ணெயில் ஊறப்போட வேண்டும் என்றார் சாமி. போர்டைக் கவிழ்த்துக் கடையைப் பூட்டியவளுக்குச் செயினைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை.

ஆவணி மாதம். ஊரெல்லாம் கல்யாணம். மணப்பெண்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு மார்த்தாண்டத்துக்குப் போனார்கள். சொந்தச் சித்தி மகளே போனாள். வீட்டுக்குள் உட்கார்ந்து பெமிலா அழுதாள்.

புருவம் எடுக்க வந்த சிவப்ரியாதான் பூட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் பின்பக்கமிருந்த வீட்டுக்கு வந்தாள். கல்லூரித் தோழி, நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை.

"ஏட்டி, கல்யாண சீசன்ல கடையப் பூட்டிட்டு இங்க என்ன செய்யுத?"

பெமிலா எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒனக்கு வருசத்துக்கு இருவது லட்சம் ரூவாய்க்கு வேலை வருமா?"

"அவ்வளவு வந்தா நான் எதுக்குட்டி அடுத்தவளுக்க புருவத்தப் பிடுங்கிட்டு இருக்கேன்?"

"பின்ன ஒனக்கு ஜி.எஸ்.டி.யே வேண்டாம். சர்வீஸ் தொழிலுக்கு இருவது லட்சம் தாண்டினாத்தான் அது கட்டாயம். டவுன் பஞ்சாயத்துல லைசன்ஸ் எடு, தொழில் வரி கட்டு. சிறுதொழில்னு உத்யம்ல பதியணுமா, நெட்டுல நீயே பதியலாம், ஒத்தப் பைசா கெடையாது. வருமான வரி வேற. அதுக்கு வரவு செலவ எழுதி வச்சிட்டு எங்க ஆபீசுக்கு வா. வெத்தலைக்கும் வரிக்கும் என்னட்டி சம்பந்தம்?"

"ஆனா சாமி சொன்னதுபோல நோட்டீஸ் வந்துட்டே?"

இதற்கு சிவப்ரியா பதில் சொல்லுமுன் முற்றத்தில் ஒரு சத்தம். கவிழ்த்துப் போட்ட ஃபிளெக்ஸ் போர்டின் ஒரு மூலையை வீட்டு ஆடு நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அதன் பெயர் சுந்தரி. பெமிலா அதை விரட்டக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஏட்டி, இல்லாத கடைக்கும் நோட்டீஸ் வருமா?" என்றாள்.

அடுத்த டோக்கன் சுந்தரியின் பெயரில் போடப்பட்டது. 'சுந்தரி பிரைடல் மேக்கப், கீரிப்பாறை.' செல்போன் நம்பர், எட்சன் விட்டுப்போன பழைய சிம்மினுடையது. தோழிக்காக வந்திருப்பதாக பெமிலா சொன்னாள். சாமி மை போட்டார்.

"இந்த சுந்தரி வரவ மறைக்கா. நாத்தனாருக்க கண்ணேறு வேற. கம்ப்யூட்டர்ல செவப்பு எரியுது!"

நான்கு நாளில் சிம்முக்குச் செய்தி வந்தது: 'திருமதி சுந்தரி அவர்களே, மணப்பெண் அலங்காரத்தில் வரி ஏய்ப்பு செய்துள்ளீர்கள்.' சிவப்ரியா சிரித்த சிரிப்பில் சுந்தரியே மிரண்டது. பெமிலா சிரிக்கவில்லை. பறிபோன ஆவணியின் மணப்பெண்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பந்தல் நிறைந்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"சாமி, நோட்டீஸ் வந்த சுந்தரியக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள் பெமிலா.

"வரச் சொல்லு. செருப்ப வெளிய போட்டுட்டு வரட்டும்."

"அவளுக்குச் செருப்பு போட்டு பழக்கம் இல்ல சாமி."

சுந்தரி நடந்து வந்தது. கழுத்து மணி குலுங்கியது. கூட்டம் வழிவிட்டது.

"இவதான் சாமி சுந்தரி. வரி ஏய்ச்சவ. இவளுக்க நாத்தனாரு யாருன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

சாமி அவசரமாகக் கண்ணை மூடினார். "முற்பிறவில இது... டவுன்ல பார்லர் வச்சு..."

"முற்பிறவிலயும் ஜி.எஸ்.டி. இருந்ததா சாமி?" என்று கேட்டுக்கொண்டே சிவப்ரியா தன் செல்போனை எடுத்தாள். சுந்தரிக்கு நோட்டீஸ் அனுப்பிய நம்பரை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்து அழைத்தாள். சாமி உட்கார்ந்திருந்த மான்தோலுக்கு அடியில் ஒரு போன் அடித்தது. பக்திப் பாட்டுத்தான். டெல்லி ஆபீஸ் சாமியின் தொடைக்குக் கீழே இருந்தது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

அதற்குள் சுந்தரி எட்டி, தட்டிலிருந்த வெற்றிலையை மையோடு வாயில் போட்டுக்கொண்டது. கம்ப்யூட்டர் காலி.

"எலே கோலப்பா! நான் கத்திய வித்துல்லா ஒனக்குப் பைசா தந்தேன்!" என்று சலூன்கார அபின் பாய்ந்தார். கூட்டமும் பாய்ந்தது. சாமி பின்வாசல் வழியாக வாழைத்தோட்டத்தில் குதித்தார். போலீஸ் வரும்வரை அவரைக் கைவிடாமல் கூட இருந்தது வாழைத்தோட்டத்துச் சேறு மட்டும்தான்.

மறுநாள் பெமிலா போர்டை மாட்டினாள். ஒரு மூலை ஆடு தின்றதுபோக மீதிப் பெயர் நன்றாகவே தெரிந்தது. முதல் மணப்பெண் உள்ளே வந்து உட்கார்ந்தாள். பெமிலா சீப்பைக் கையில் எடுத்தாள்.

அப்போது வாசலில் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். கையில் தேங்காய், பழம், கட்டுக் கட்டாக வெற்றிலை. எல்லாம் பந்தலில் பார்த்த முகங்கள்.

"அந்த ஆட்டம்மாவ ஒருக்க கும்பிடணும். கள்ளச் சாமியக் கண்டுபிடிச்ச தெய்வமில்லா!"

பெமிலாவுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சீப்பு பறந்தது.

"அது தெய்வமில்ல, ஆடாக்கும்! வெத்தலையக் கண்டா அது வெத்தலைன்னு அதுக்குத் தெரிஞ்சுது, தின்னுட்டு. நீங்கதான் அதுக்குள்ள டெல்லியப் பாத்திய. ஆட்டுக்கு இருக்க புத்தியாவது நமக்கு வேண்டாமா?"

அவர்கள் தேங்காயையும் பழத்தையும் பைக்குள் திருப்பி வைத்தார்கள். ஒருவர் மட்டும் வெற்றிலைக் கட்டை மெல்லப் பிரித்து, அதிலிருந்து ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு வாயில் போட்டு மென்றார்.