டிக்கியில் ஒரு ரோஜா மாலை

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். முன்பின்னாக எழுதினாலும், பாதியை மறந்துவிட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். கமுதி வட்டாரத்தில் ‘சகுனம்’ மாதிரிப் பயந்த டிரைவர் இதுவரை பிறந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமோ என்னவோ. பூனை குறுக்கே போனால் காரை நிறுத்தி, அது திரும்பிப் போகும்வரை காத்திருப்பார். பூனைக்கு என்ன அவசரம்? அவர் காரில் கல்யாணத்துக்குப் போனவர்கள் பந்தி முடிந்துதான் போய்ச் சேர்வார்கள்.

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் தங்கை செல்லத்துக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய், கையில் ஊசி குத்தி ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர். ஒருநாள் காலையில் அவள் மகன் முருகன் போன் செய்தான்.

“பெரியம்மா, அம்மா இனிமே ஊசிக்கு வரமாட்டேங்குது. போன தடவையும் போகல. இன்னைக்கும் போகலைன்னா உசுருக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ வந்து சொன்னாத்தான் கேக்கும்.”

நான் சொல்லியா? விருந்துக்குப் போன வீட்டில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். ஆனாலும் கிளம்பினேன். முகூர்த்த நாள். ஊரில் மிச்சமிருந்த கார் சகுனத்துடையது ஒன்றுதான்.

பையை வைக்க டிக்கியைத் திறந்தால், வாழை இலையில் சுற்றிய பெரிய ரோஜா மாலை.

“இது யாருக்கு தம்பி?”

“உங்க தங்கச்சிக்குத்தான் ஆத்தா.”

நான் பையை வைக்காமல் பின்வாங்கினேன்.

“பதறாதீக. குடை எடுத்துட்டுப் போற அன்னைக்கி மழை பேயுதா? சீக்காளியப் பாக்கப் போறப்பல்லாம் மாலையோடதான் போவேன். இதுவரைக்கும் ஒண்ணும் தேவைப்பட்டதில்ல.”

அந்த மாலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நான் எப்படி நிம்மதியாக உட்காருவேன்? உத்தரகோசமங்கை கோயிலுக்குப் பிரியும் விலக்கில் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். பாம்பன் பாலத்தில் ஏறியதும் கார் எறும்பாக ஊர்ந்தது. பின்னால் லாரிகள் கத்தின.

“நீச்சல் தெரியுமா ஆத்தா?”

“தெரியாதே.”

“எனக்கும் தெரியாது.” பிறகு வானத்தைப் பார்த்து, “காளியாத்தா, மாதாவே, அல்லாவே... இப்ப யாரு டூட்டியில இருக்கீகளோ, பாத்துக்கங்க” என்றார்.

செல்லத்தின் தெருவுக்குள் திரும்பினோம். தெருவை அடைத்துப் பந்தல். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். என்னால் காரைவிட்டு இறங்கவே முடியவில்லை. அதற்குள் சகுனம் மாலையைத் தூக்கிக்கொண்டு, “ஐயோ, போயிட்டியே தாயி!” என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடினார். இத்தனைக்கும் அவளை அவர் பார்த்ததே கிடையாது.

வாசலில் முகம் உப்பி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள் செல்லம்.

“எவன்லே அவன், உசுரோட இருக்கவளுக்கு ஒப்பாரி வைக்கிறது? பந்தல் பக்கத்து வீட்டுச் சடங்குக்குலே!” பிறகு என்னைப் பார்த்தாள். “ஏக்கா, ஊசி குத்திக்க மாட்டேன்னுதான சொன்னேன்? சாகப்போறேன்னு எப்பச் சொன்னேன்?”

நான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

சகுனம் மாலையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: “ரெண்டும் ஒண்ணுதான் தாயி.”

அத்தனை நாள் டாக்டரும் மகனும் பூசி மெழுகிச் சொன்னதை இந்த மனிதர் போட்டு உடைத்துவிட்டார்.

“எனக்குப் பயமா இருக்கு. நான் கொண்டுபோற மாலை ஒருதடவகூட வேலைக்கு ஆனதில்ல. முதத் தடவையா உனக்கு ஆகிறக் கூடாது. வண்டியில ஏறு தாயி.”

செல்லம் ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையைத் தடவிக்கொண்டு நின்றாள். “எனக்கு மட்டும் பயமில்லையா? ஒவ்வொரு தடவையும் ஆணி அடிக்கிற மாதிரி இருக்குக்கா” என்றாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “முருகா, என் சேலைய எடுத்துட்டு வாடா. இவன் இங்கனயே மயங்கி விழுந்துருவான்போல” என்றாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது, கீழே கிடந்த மாலையைப் பக்கத்து வீட்டு ஆடு பாதி தின்றுவிட்டிருந்தது.

திரும்பும்போது பாலத்தில் செல்லம்தான் அவருக்குத் தைரியம் சொன்னாள். “கடலப் பாக்காதலே, ரோட்டப் பாரு.”

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா ஊசியைக் கையில் எடுத்ததும் என் பக்கத்தில் ஏதோ முனகல் கேட்டது. சகுனம் கண்களை இறுக மூடி, பல்லைக் கடித்து, தன் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஊர்களை, வழியை முன்னுக்குப் பின் எழுதியிருப்பேன். முருகன் ஒருமுறை பார்த்துச் சரிசெய்யட்டும். அவர் நீட்டியது இடது கையா வலது கையா என்பதையும் கேட்டு எழுதட்டும். செல்லத்துக்கு எந்தக் கையில் குத்தினார்களோ, அதே கைதான்.