பெஞ்சு ஒழித்த வரலாறு

மனித இனம் இரண்டு காலில் நிமிர்ந்து நின்றதற்குப் பிறகு, நடையின் வரலாற்றில் நிகழ்ந்த அடுத்த மாபெரும் சம்பவம் எங்கள் குடியிருப்புப் பூங்காவில் பெஞ்சுகளை அகற்றியதுதான். அதைச் செய்தது அரசாங்கமல்ல, மக்கள். மக்கள் என்றால் 'பூங்கா முன்னேற்றக் குழு'. தலைவர், அடியேன்.

குளத்தைச் சுற்றி நடைபாதை, பாதையோரம் பெஞ்சுகள். இந்த அவலத்தை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் செயலாளர். தொழிலால் பல் மருத்துவர்.

"சார், நடைபாதைன்னு போர்டு வெச்சிருக்கோம். பாதிப் பேரு உட்கார்ந்திருக்காங்க!"

"ஏன் உட்கார்றாங்க?"

"பெஞ்சு இருக்கே!"

கூட்டம் கைதட்டியது. பல் டாக்டர் அல்லவா, வேர்வரை போய்விட்டார். 'பெஞ்சு ஒழிப்புத் தீர்மானம்' ஒருமனதாக நிறைவேறியது. நாற்காலிகளில் சாய்ந்தபடியே எல்லோரும் கை தூக்கினோம். பெஞ்சு இருந்த இடங்களில் 'நடந்தால் நலம்' என்று பலகை நட்டோம்.

எதிர்க்கட்சி என் வீட்டில்தான் இருந்தது. மாமனாருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தினமும் நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மனிதர் கொஞ்சம் நடப்பார், பெஞ்சில் உட்காருவார், மறுபடி நடப்பார்.

"அப்பா இனிமே எங்க உட்காருவாரு?" என்றாள் மனைவி.

"உட்காரக் கூடாதுங்கறதுதானே திட்டமே!"

"ஊரையெல்லாம் நடக்க வைங்க. எங்கப்பா காலு முடங்கிப்போகட்டும்."

ஒரு வாரம் மாமனார் வாசலைத் தாண்டவில்லை. அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாதையோரம் போட்டு, அப்பாவை அதில் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

செயலாளர் போனில் பதறினார்.

"சார், பாதையில ஆக்கிரமிப்பு!"

"எவன்யா அவன்?"

"உங்க மாமனாருங்க."

சட்டம் எல்லோருக்கும் பொது. அகற்றுவதற்கு நானே நேரில் போனேன்.

"எந்திரிக்கணுமா மாப்பிள்ளை? சரி, கையை மட்டும் கொடுங்க," என்றார். துளிக்கூடக் கோபம் இல்லை. எனக்குச் சுருக்கென்றது, தலைவர் என்பதால் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு கையில் மாமனார், மறுகையில் நாற்காலி. நாலடி வைத்ததும் அவருக்குக் கால் நடுங்கியது. நாற்காலியைப் போட்டேன், உட்கார்ந்தார். எழுந்தார், தூக்கினேன். இப்படியே குளத்தைச் சுற்றி வந்தோம். செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்து போட்டோ எடுத்தார்.

"பிரமாதம் சார்! இது 'நடமாடும் இருக்கைத் திட்டம்'! ஆண்டறிக்கையில போட்டுடறேன்."

அன்று முதல் தினமும் காலையில் நாற்காலி சுமக்கிறேன். மாமனாரின் முழங்கால் அருமையாக மடங்குகிறது. என் தோள்பட்டைதான் டாக்டரிடம் போய்வருகிறது. திட்டத்தின் புகழ் பரவி, பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு குழுவே பார்வையிட வந்தது. அதில் ஒரு அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"முன்னெல்லாம் இங்க நிறைய வயசானவங்க வருவாங்களே? இப்ப நீங்க ஒருத்தர்தானா?"

நான் புள்ளிவிவரம் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"அவங்கெல்லாம் வீட்டோட கிடக்குறாங்கம்மா. பெஞ்சைப் பிடுங்கினவரு எனக்கு மட்டும்தானே மாப்பிள்ளை!"