பிரேக் பிடிக்காத ஜீப்புக்கு மனச் சிகிச்சை

எண்பத்து நாலாம் வருஷம் அரசாங்க இலாகாவில் மனநலத்துக்குத்தான் மவுசு. அதற்கு முந்தின வருஷம் சாண எரிவாயு. ஆகவே போடிநாயக்கனூரில் எண்ணத் திருத்தச் சிகிச்சையாளர் பயிற்சி முகாம் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைக்கப்பட்டது. கொசு மருந்து அடிக்கிறவர்களையும் குடும்பக்கட்டுப்பாட்டுப் பிரச்சாரகர்களையும் உட்கார வைத்து, சீமையில் படித்த நிபுணர் ஒருவர் பாடம் நடத்தினார். பயந்தவனிடம் அவன் எண்ணத்துக்குச் சான்று கேள், தப்பென்று காட்டு, பயந்த காரியத்தையே செய்ய வை, இவ்வளவுதான் பாடம். நல்ல வைத்தியம்தான், குறை சொல்ல மாட்டேன். பழகிப் பார்க்க நோயாளிகள்தான் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வரும் பெண்கள் முகாமுக்குப் பக்கத்துச் சர்க்கார் ஆபீசில் முறையிட வந்து நின்றார்கள். ஜீப்பில் பிரேக் பிடிக்கவில்லை, கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டுத்தான் நிறுத்துகிறான், ஏறவே பயமாக இருக்கிறது என்றார்கள். பிரேக் தம் ஆபீசில் வராதென்றும், பயம் அடுத்த கட்டடத்தில் வருகிறதென்றும் அதிகாரி தெளிவுபடுத்தி, அவர்களை முகாமுக்கு அனுப்பி வைத்தார்.

பிரச்சாரகர் கன்னையனுக்குக் கருத்தம்மாள் வாய்த்தாள். நிபுணர் பக்கத்தில் இருந்து கவனித்தார்.

"ஜீப்பு உருண்டுரும்னு நெனைக்கிறீங்களே, அதுக்கு என்னம்மா சான்று?"

"போன வெள்ளிக்கெழம பின்னால போயி பாறையில முட்டி நின்னுச்சு சார்."

"நின்னுச்சுல்ல?"

"பாறை இருந்துச்சு சார்."

நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதையே பார்ப்பது இவளுடைய வியாதி என்று நிபுணர் கண்டுபிடித்தார். இனிமேல் பாறையையே நினைத்துக்கொள்ளும்படி கன்னையன் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்தது ஜீப்பில் ஏறும் பாடம். சிகிச்சையாளர் கூடவே உட்கார்ந்து போகவேண்டும் என்பது முறை. அன்றைக்குக் கன்னையனுக்கு ராசிங்காபுரத்தில் காதுகுத்து வந்தது. கொசு மருந்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் காய்ச்சல் வந்தது. நிபுணரையாவது வரச்சொல்லிக் கருத்தம்மாள் கூப்பிட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார்.

"உங்களுக்கு இருக்கிறது பயம். எனக்கு இருக்கிறது முன்னெச்சரிக்கை."

ஜீப் முதலாளி சோலைமலைக்கும் ஒரு மனக்கஷ்டம் இருந்து வந்தது. பிரேக் மாற்ற வேண்டியிருக்குமோ என்ற எண்ணம். முகாமுக்கு ஒரே ஒரு தரம் வந்துபோனார், அடியோடு தீர்ந்துவிட்டது. ஏலக்காய் யாவாரிகள் நாங்களும் சும்மா இருக்கவில்லை. காய் எடுக்க ஆள் வராவிட்டால் எங்கள் பாடு என்ன ஆவது? தெருவில் பார்த்த பெண்களிடமெல்லாம், எண்ணத்தை மாத்துங்கம்மா என்று எடுத்துச் சொன்னோம். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போகாவிட்டால் அடுப்பு எரியாது. பெண்கள் ஏறினார்கள். ஜீப் நழுவிய வளைவில் பாறை இல்லை.

கருத்தம்மாளுக்கு இரண்டு காலும் போயிற்று. நிறைவு விழாவுக்கு முன்னால் முடிவு தெரிந்தாக வேண்டும் என்று நிபுணரும் கன்னையனும் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள்.

"இப்பவும் ஜீப்புல போகப் பயமா இருக்காம்மா?" என்று கன்னையன் கேட்டார்.

அவள் போர்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இல்ல சார். இனிமே எங்க போகப்போறேன்."

நோயாளி பூரண குணமடைந்துவிட்டதாக விழாவில் அறிவித்தார்கள். நாங்கள் கைதட்டினோம். மறுவாரம் அவள் மகள் மொக்கம்மாளை, தட்டி நிமிர்த்திய அதே ஜீப்பில் ஏற்றிவிட்டதும் நாங்கள்தான்.