செத்துப்போன சித்தப்பாவும் பகல் கூத்தும்

லீவு லெட்டரில் ஒருவரையாவது சாகடிக்காமல் உத்தியோகம் பார்த்தவர்களை நான் இதுவரை சந்தித்ததில்லை. தாத்தா பாட்டி எல்லாம் ஏற்கெனவே நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டதால், படப்பையில் உரக்கடை வைத்திருந்த என் சித்தப்பாவை எழுதினேன். (மேட்னி டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வேறு வழியில்லை.)

எண்பதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நான் தற்காலிக டீச்சர். மறுநாள் பிரேயரில் ஹெச்.எம். மேடம், "வீட்டில் துக்கம் நடந்தும் உடனே கடமைக்கு வந்தவர்" என்று என்னைப் பாராட்டினார். நானும் கர்ச்சீப்பை எடுத்தேன். (படத்தின் க்ளைமாக்ஸை நினைத்துக்கொண்டேன். கண்ணீர் தானாக வந்தது.)

மூன்று மாதம் கழித்து மேடம் கூப்பிட்டார். "நம்ம பசங்களுக்குப் பக்கத்து ஊர்க் கலைஞர்களையே தெரியலை. நீங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க. நல்லா நடந்தா ஜூன்ல உங்களைப் பெர்மனென்ட் பண்றேன்."

பெர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்டதும் என் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. "எங்க சித்தப்பாவுக்குக் கூத்துக்காரங்களைத் தெரியும் மேடம்" என்று சொல்ல வாயைத் திறந்து, நல்லவேளையாக இருமலாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குப் பஸ் ஏறினேன். சித்தப்பா என்னைத் தெருக்கூத்துக் குழுவின் கட்டியக்காரர் ஏழுமலையிடம் கூட்டிப்போய் விட்டுவிட்டு, கடையைப் பார்க்கப் போனார். கட்டியக்காரர் என்றால் கூத்தில் ராஜாவுக்கு முன்னால் வந்து கோமாளித்தனம் செய்து எல்லோரையும் சிரிக்க வைப்பவர்.

"பகல்லயா கூத்து? எங்களுக்கே வெக்கமா இருக்குமே டீச்சரம்மா!" என்றார் ஏழுமலை. பிறகு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "உங்க ஸ்கூல்ல யார் யாரு, இன்னா சங்கதி, சொல்லு" என்றார்.

அடடா, எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நினைத்தேன். பி.டி. மாஸ்டர் பிள்ளைகளை ஓட விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் தூங்குவது, மேடம் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பியூனைத் தேடச் சொல்லித் திட்டுவது, எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, எங்க சித்தப்பாவை மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்க. ஸ்கூலைப் பொறுத்தவரைக்கும் அவர் செத்துட்டாரு" என்று ரகசியமும் சொன்னேன்.

எந்த ஊரில் கூத்து நடந்தாலும் அந்த ஊர்ச் சங்கதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, மேடையில் இழுத்து நையாண்டி செய்வதுதான் கட்டியக்காரரின் தொழில். இது படப்பையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பள்ளி மைதானத்தில் மத்தளம் முழங்கியதும் பிள்ளைகள் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார்கள். அப்போது குழு வந்த வேனிலிருந்து வெள்ளை வேட்டியோடு இறங்கினார் சித்தப்பா. வேனே அவருடையதுதான். நேராக வந்து முன்வரிசையில், மேடத்துக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் கர்ச்சீப்பால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மேடையில் ராஜா கேட்டார்: "அடே கட்டியக்காரா, இவ்விடத்தில் அனைவரும் நலந்தானே?"

"நலத்துக்கு இன்னா கொறைச்சல் ராஜா? வேப்பமரம்கூடத் தூங்காது, அதுக்குக் கீழ ஒருத்தர் விசிலோட தூங்குறாரு!"

மைதானம் அதிர்ந்தது. அடுத்து ஏழுமலை தலையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "எங்கய்யா என் கண்ணாடி?" என்று மேடையைச் சுற்றி ஓடினார். பியூன் கேட்டுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். மேடத்தின் கை மெல்லத் தன் தலைக்குப் போனது. கண்ணாடி அங்கேதான் இருந்தது.

"இதெல்லாம் இன்னா ராஜா, இங்க ஒரு பெரிய அதிசயம் கீது! செத்துப்போன சித்தப்பா ஒருத்தர் முன்வரிசையில குந்திகினு முறுக்கு துன்றாரு!"

சித்தப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தார். யார் அந்தச் செத்தவர் என்று ஆவலாகத் திரும்பியும் பார்த்தார். அந்த வரிசையில் முறுக்கு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மேடம் முதலில் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மிஸ், அப்ப நீங்க ஏன் அழுதீங்க?" என்று சத்தமாகக் கேட்டாள்.

கூத்து முடிந்ததும் மேடத்தின் அறையில் நான் நின்றேன். மேஜையில் என் பழைய லீவு லெட்டர். என் வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். பக்கத்தில் நின்ற சித்தப்பா அதை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"நெஞ்சு வலின்னு போட்டிருக்கியே கண்ணு. சர்க்கரைன்னு போட்டிருந்தா நம்பலாம்" என்றார்.

மேடம் பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் ஏழுமலையைச் சூழ்ந்து அவருடைய கோமாளிக் குல்லாவுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கண்ணாடி தேடும் மேடமாகவே ஓடிக்கொண்டிருந்தான்.

"வருஷா வருஷம் ஒரு குழுவைக் கூட்டிட்டு வரணும். அவங்ககிட்ட ஸ்கூல் விஷயம் ஒண்ணும் பேசக் கூடாது" என்றார் மேடம். ஜூனில் ஆர்டர் வந்தது. பேசக் கூடாது என்பதை மட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. பிள்ளைகள் அதற்காகத்தானே காத்திருந்தார்கள்!

சித்தப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இன்றும் போனை எடுத்தால், "செத்தவன் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். போன மாதம் என் மகளுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டு உடனே கூப்பிட்டார்.

"என் பேரையே எழுதிக்கச் சொல்லு கண்ணு. எனக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கு."