பெரிய கிராணியின் குடை வீற்றிருந்த படலம்

"அந்தக் குடைய எடுங்க. நான் உக்காரணும்."

கேட்கவே கூடாதென்று பெற்றவள் ஒரு முறையும் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் மூன்று முறையும் ஓதி அனுப்பிய கோரிக்கை இதுதான். அதனைத் திருவாய் மலர்ந்தருளிய வீராங்கனை வாழ்க! சிம்பாங் பூலாய்க்கு அப்பால், ரப்பர்ப் பால்மரக் காட்டினுள், தோட்டக் கூலிகளின் பத்தடி லயத்து அறையில், மண்ணெண்ணெய் விளக்கின் கரியை மூக்கால் வாங்கிப் படித்து, சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை என்னும் பெருங்கடலை நீந்திக் கரையேறி, ஏறிய கரையில் ஏனென்று கேட்பாரின்றி ஈரத்துணியோடு நிற்பவளாகிய ராக்காயி வாழ்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டில், ஈப்போ மாநகரத்து ரப்பர்க் கம்பெனி ஒன்றின் மாடியில், அவளுக்கும் ஒரு கறுப்புக் குடைக்கும் மூண்ட போரைப் பாடப் புகுகிறேன். டைப்ரைட்டருள் உறையும் மை உலர்ந்த நாடாத் தேவியே, நடுவில் சிக்கிக்கொள்ளாமல் காப்பாயாக!

போருக்குப் போகுமுன் மன்னர்கள் நாள் பார்த்தார்கள். இவள் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டாள். கம்பெனியின் பெயர், பார்க்க வேண்டிய ஆள், விண்ணப்பம் போன தேதி, பத்து நாள் கழித்து நேரில் போய் நிற்க வேண்டிய தேதி, கடைசியில் 'முடிவு' என்று ஐந்து கட்டங்கள். திங்களன்று வாசகசாலையில் பத்திரிகை விளம்பரங்களை வேவு பார்ப்பது, செவ்வாயும் புதனும் கடிதம் எழுதுவது, மற்ற நாள்களில் படியேறுவது. நற்சான்றிதழின் எட்டு நகல்கள் யானைப்படை, கேம்பிரிட்ஜ் சர்டிபிகேட் தேர்ப்படை, தபால்தலைகள் குதிரைப்படை, செருப்பில்லாத இரண்டு கால்கள் காலாட்படை. இத்தகைய நால்வகைச் சேனையைக் கண்டு பகைவர் நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. பதினொரு வரிசைக்கு எதிரே 'முடிவு' என்ற கட்டத்தில் அவள் எழுதியவை: 'ஆம்பளைதான் வேணுமாம்.' 'அப்பா என்ன உத்தியோகம் என்றார்கள்.' 'சிரித்தார்கள்.' 'மறுபடியும் சிரித்தார்கள்.'

பன்னிரண்டாம் வரிசைதான் இந்தக் கம்பெனி. 'டைப் தெரிந்தவர் தேவை, இடம் காலி' என்று பத்திரிகையில் கூவியது. மாதாமாதம் கூவியது. இதுவும் தவறினால் என்னவாகும் என்பதைத் தோட்டத்துக் கங்காணி பத்துமலை, முந்தாநாள் லயத்து வாசலில் நின்று பிரகடனம் செய்திருந்தார்: "திங்கக்கெழம காலைல ஆள் எண்ற பெரட்டுக்கு வந்து பேர் குடுக்கணும். லயத்துல படுத்தா மரம் வெட்டிப் பால் எடுக்கணும்லா. இங்கிலீசு படிச்ச கைய பால்மரத்துக்குத் தெரியுமா?" இன்று வெள்ளிக்கிழமை.

பதின்மூன்றாம் வரிசை ஒன்றும் உண்டு. கோலா கங்சாரில் ஒரு லேடி டாக்டரின் பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தமிழும் இங்கிலீஷும் எழுதத் தெரிந்த பெண் வேண்டுமாம். டைப் அடித்த விண்ணப்பத்தோடு வெள்ளிக்கிழமை மாலைக்குள் நேரில் வரவேண்டுமாம். ஆனால் அங்கே போனால் தாயைத் தனியே விட்டுப் போக வேண்டும். மேலும் பள்ளிக்கூடத்தில் டைப் பழகிய ராக்காயியிடம் இப்போது டைப்ரைட்டர் கிடையாது. எனவே அந்த வரிசையை மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.

இனி அரியணை வருணனை. டைப்ரைட்டரின் முன்னே, பிரம்பு பின்னிய நாற்காலியில், வெள்ளிப் பூண் கட்டிய கைப்பிடியைச் சாய்த்துக்கொண்டு வீற்றிருந்தது குடை. மூவேந்தரின் குடைகள் உலகுக்கெல்லாம் நிழல் தந்தன என்பார்கள். இது யாருக்கும் நிழல் தராமல், யாரையும் உட்காரவும் விடாமல், வந்தவர் கால் கடுக்க நிற்பதைக் கண்டு மகிழ்ந்திருந்தது. அதனெதிரே, மேசைக்கு அப்பால், அதன் முதலமைச்சர் போலக் கோப்பு புரட்டிக்கொண்டிருந்தார் தலைமை எழுத்தராகிய பெரிய கிராணி இராஜசிங்கம். எட்டரை மணிக்கு வந்த ராக்காயி பத்தரை வரை நின்றாள். அப்புறம்தான் அந்தக் கோரிக்கை.

பெரிய கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நோக்கினார். "பிள்ளை, அது ஏலாது. அதிலை ஆள் இருக்கு."

"எங்க?"

"வாறான். என்ரை மருமோன். யாழ்ப்பாணத்திலை சோதினை எடுக்கிறான். பாஸ் பண்ணின உடனை கப்பல் ஏறிடுவான்."

தாள் கட்டோடு வந்த பியூன் ஐயாவு, இடிமுழக்கத்தை இரகசியம் என்று நினைத்துக்கொண்டு அவள் காதருகே முழங்கினார்: "ரெண்டு தரம் பெயிலு, தங்கச்சி. அஞ்சு மாசமா அந்தக் குடதான்லா இங்க வேல பாக்குது. மழ வந்தாக்கூட ஐயா அத எடுக்க மாட்டாரு. நனஞ்சிக்கிட்டே வூட்டுக்குப் போவாரு. ரொம்ப சூசாலா, கஷ்டம்!"

அந்தோ! ரயில் பெட்டியில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் நம்மவர் கலை, கடல் கடந்து வந்து உத்தியோகத்தின்மேல் துண்டு போடும் அளவுக்கு வளர்ந்திருந்த அதிசயத்தை என்னென்பேன்! விளம்பரம் வெள்ளைக்காரத் துரையின் கண்ணுக்கு, நாற்காலி மருமகனுக்கு, இடையில் படியேறிப் படியிறங்கிய கால்கள் யாருக்கு? பதினொரு ஆபீஸ்களிலும் தன்னைத் தோற்கடித்தது தன் பாவாடையா, தன் லயமா, தன் பெயரா என்று இரவெல்லாம் கணக்குப் பார்த்த ராக்காயிக்கு, எதிரி ஒருவழியாகத் தரிசனம் தந்தான். அவன் பரீட்சை எழுதியதில்லை. அவனுக்கு டைப் தெரியாது. அவன் ஒரு குடை.

மலையைப் பெயர்ப்பவள்போல், மதயானையின் தந்தத்தைப் பற்றுபவள்போல், இரு கைகளாலும் அதனைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். நாற்காலியில் அமர்ந்தாள். பிரம்பு கிறீச்சிட்டது, ஐந்து மாதம் கழித்து மனித எடையைக் கண்ட மகிழ்ச்சியாக இருக்கலாம். தன் தாளைச் செருகினாள். பிறகு பொழிந்தது அம்பு மாரி! பத்து விரலும் பத்து வில்லாக, வரி முடிவில் மணி வெற்றிச் சங்காக, ஒரு பிழையின்றி, ஓர் அழிப்பின்றி, தாளின் அடி வரைக்கும் அவள் அடித்து முடிக்க, அடுத்த அறைக் கிராணிமார் மூவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

இராஜசிங்கத்தின் முகம் மூன்று நிறம் மாறி நான்காவதில் நின்றது. நல்ல டைப்பிஸ்டைக் கண்டால் அவருக்கும் தெரியும். ஐந்து மாதக் கடிதங்களை ஒற்றை விரலால் அடித்தவர் அவரே. அவர் அருளிய பேரருளாவது:

"கெட்டிக்காரிதான். சரி, ஒண்டு செய்வம். மருமோன் வரும் மட்டும் நீர் இதிலை இரும். அவன் வந்த உடனை எழும்பி விடோணும்."

திங்கட்கிழமைப் பெரட்டு ஒரு சொல்லில் பறந்துபோயிருக்கும். தாய் பக்கத்திலேயே இருப்பாள். ஐயாவு, சரியென்று சொல் என்று கண்ணால் கெஞ்சினார். ராக்காயி தாளை உருவி எடுத்து மடித்தாள். அதன் தலைப்பில் இருந்தது இந்தக் கம்பெனியின் பெயர் அல்ல. கோலா கங்சார் லேடி டாக்டரின் விலாசம்.

"ஐயா, அப்ப நான்தான் இனிமே குடயா?"

தோற்றவன் குடையை வென்றவர் கைக்கொள்வது பண்டை மரபு. ராக்காயி மரபு மீறாதவள்.

"இத நான் எடுத்துக்கறேன். ஒங்க மருமகன் பாஸ் பண்ணினதும் ஒரு கடுதாசி போடுங்க, அனுப்பி வக்கிறேன்."

"ஏய் பிள்ளை! அது என்ரை குடை!"

"நாற்காலி காலியா இருக்கு, பாருங்க. இப்பத்தான் விளம்பரம் உண்மை."

அண்டம் அதிர, மாடிப்படி அதிர, முடிசூடா அரசி இறங்கி வந்தாள். ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் முகில் முடியைத் தாழ்த்தி வணங்க, வானம் முரசறைந்து பெருமழையைப் பூவாய்ச் சொரிய, அவள் வெற்றிக்குடையைத் தலைக்குமேல் விரித்தாள்; ஒரு மணி ரயிலை நோக்கி நடந்தாள்.

குடை ஒழுகியது.