ஐந்து நீதிபதிகளுக்கும் ஆளுக்கொரு பிரதி

பாசிர் ரிஸ், சிங்கப்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகள் ரக்ஷனாவுக்கு உன் தாய்மாமன் சேதுபதி ஆசிகளோடு எழுதுவது. நானும் உன் அத்தை பாக்கியலட்சுமியும் நலம். நீ நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. போனை நீ எடுக்காததால் கடிதம்.

தலைச்சுமையாக விற்பவர்கள் பேருந்து நிலையத்துக்குள் வரக்கூடாது என்ற மாநிலச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று நீயும் உன் சீனியர் வக்கீலும் போட்ட வழக்கு இரண்டு நீதிபதிகள் முன் தோற்று, இப்போது ஐந்து பேர் கொண்ட முழு அமர்வு அதை மறுபடி முதலிலிருந்து கேட்கிறது, அதில் உன் சீனியர் உன்னைப் பதினைந்து நிமிடம் பேச விடுகிறார் என்று அக்கா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காதுகுத்தில் தொடங்கி எல்லாவற்றுக்கும் சீர் கொண்டுவந்தவன் இதற்கு மட்டும் சும்மா இருந்தால் நான் என்ன தாய்மாமன்? இந்த ஊரில் கார் நிறுத்தியதற்கு அபராதம் வந்தாலும், மேல்வீட்டுத் தண்ணீர் கசிந்தாலும், எம்.பி. மக்களைச் சந்திக்கும் நாளில் எண் வாங்கி உட்கார்ந்தால் முறையீட்டுக் கடிதம் எழுதித் தருவார்கள். போனேன். அங்கே தொண்டூழியம் செய்யும் ரித்திக், "அங்கிள், கோர்ட்டுக்கெல்லாம் நாங்க எழுத முடியாது லா. அதுவும் வேற நாட்டுக் கோர்ட்" என்றான். நான் கேட்டால்தானே? முன்பு அபராதத்துக்காக அவர்கள் எழுதித் தந்த கடிதத்தையே பார்த்து, அபராதத்தை எடுத்துவிட்டு உன்னை வைத்தேன். 'பயந்த சுபாவமுள்ள பெண், ஆறாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் முதல் வரியை மறந்து மேடையிலேயே அழுதவள், கருணை அடிப்படையில் கடினமான கேள்விகளைத் தவிர்க்க வேண்டுகிறேன்.' ஐந்து நீதிபதிகளுக்கும் ஆளுக்கொரு பிரதி, பதிவுத் தபாலில்.

நேற்று சிராங்கூன் ரோடு டீக்கடையில் ஜமால் முகம்மதையும் இன்னும் ஏழு பேரையும் கூட்டிவைத்து, போனில் உங்கள் நீதிமன்ற நேரலையைப் போட்டேன். தலைமை நீதிபதி முதலில் எடுத்ததே என் கடிதத்தைத்தான். "சிங்கப்பூரிலிருந்து ஒரு கருணை மனு" என்று இரண்டு வரி படித்தார். நீதிமன்றமே சிரித்தது. ஜமால், "அண்ணே, இது நீங்க எழுதுனதா?" என்று கேட்டார். நான் டீயைக் குடித்தேன். நீ எழுந்து, "எழுதியவர் என் தாய்மாமா. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றாய். குரல் துளியும் ஆடவில்லை. ஆனால் சீனியர் உன்னை உட்காரச் சொல்லிவிட்டு உன் பதினைந்து நிமிடத்தையும் தானே பேசிவிட்டார். ஆறு மாதம் நீ தயார் செய்தது, என்னால் போயிற்று. போன வாரம் "மாமா, ஒரு தடவை பேசிக் காட்டவா?" என்று நீ கேட்டபோது, "கோர்ட்ல பேசும்போது கேட்டுக்கறேம்மா, இப்ப பஸ் வந்துடுச்சு" என்றேன். அந்த பஸ்ஸை விட்டிருக்கலாம்.

அடுத்த மாதம் விசாரணை தொடரும்போது உனக்கு இன்னொரு வாய்ப்பு வரலாம் என்கிறாள் அக்கா. இனி எந்த நீதிமன்றத்துக்கும் நான் ஒரு வரி எழுத மாட்டேன். இது சத்தியம். வீரமாகாளியம்மன் உனக்குத் துணையிருப்பாள். என்னை அவள் தனியாகக் கவனித்துக்கொள்ளட்டும்.

வருத்தத்துடன்,
உன் மாமா

பி.கு.: மேற்படி சத்தியம் இன்றுமுதல்தான் செல்லும், முன்தேதிக்குப் பொருந்தாது. நேற்று மாலையே ஐந்து நீதிபதிகளுக்கும் விரைவுத் தபாலில் ஒரு திருத்தம் அனுப்பிவிட்டேன். ஒரே வரிதான்: 'பயந்த சுபாவம் என் மருமகளுக்கு இல்லை, எனக்கு.'